1974: இரண்டு கையெழுத்துகள்

வெளியுறவுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது சீனாவைப் பற்றித்தான். இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீனாவிடம் போய்விட்டதே, மாலத்தீவு என்ன ஆகும், வங்கதேசம் கைநழுவிவிட்டதா? கேட்பவர்கள் மேல் குறையில்லை. தொலைக்காட்சி விவாதங்கள் அப்படிப் பழக்கியிருக்கின்றன. ஆனால் டாக்காவிலும் கொழும்பிலும் வேலை பார்த்து, இடையில் டெல்லியில் உட்கார்ந்து அந்த நாடுகளின் கோப்புகளையே புரட்டிக்கொண்டிருந்த எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். எல்லையோரத்து மனிதர்களைக் கேட்காமல் போடும் கையெழுத்தும், அவர்களுக்காகப் போட்டுவிட்டு நிறைவேற்றாமல் விடும் கையெழுத்தும்தான் அண்டை வீட்டு உறவைக் கெடுக்கின்றன. சீனா அதற்கு அப்புறம்தான் வருகிறது.

1974-ஐ எடுத்துக்கொள்ளலாம். மே 16 அன்று இந்திரா காந்தியும் வங்கதேசப் பிரதமர் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் டெல்லியில் நில எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இரண்டே நாளில் பொக்ரான் அணுசோதனை. ஜூன் 26-இல் கொழும்பிலும் 28-இல் டெல்லியிலுமாக, இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவோடு இன்னொரு ஒப்பந்தம்: கச்சத்தீவு. தமிழ்நாட்டில் இரண்டாவதைத் தெரியாதவர் இல்லை, முதலாவதைத் தெரிந்தவர் குறைவு. ஆறு வார இடைவெளியில் ஒரே பிரதமர் போட்ட இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன்.

வங்கதேசத்துக்குள் இந்திய நிலத்துண்டுகள் 111. இந்தியாவுக்குள் வங்கதேசத் துண்டுகள் 51. சுற்றிலும் அடுத்த நாடு, நடுவில் ஒரு சிற்றூர். இவற்றை மாற்றிக்கொள்வதுதான் ஒப்பந்தம். முஜிப் அந்த ஆண்டு நவம்பரிலேயே தன் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிவிட்டார். நாம் நிறைவேற்றியது 2015-இல், அரசியலமைப்பின் 100-வது திருத்தமாக. அந்த ஆண்டு ஜூலை 31 நள்ளிரவில் நிலங்கள் கைமாறின. இடைப்பட்ட 41 ஆண்டுகளில் அங்கே ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, பேரப்பிள்ளை பெற்றுவிட்டது.

எல்லைக் கோப்பு என் மேசையில் இருந்த காலத்தில் கூச் பிகார் மாவட்டத்தின் மஷால்டாங்காவுக்குப் போயிருந்தேன். சட்டப்படி அது வங்கதேசம். போவதற்கு வேலியும் இல்லை, வாயிலும் இல்லை. நெல் வயலுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், அவ்வளவுதான். மின்கம்பி தலைக்கு மேலே போகிறது, வீடுகளில் விளக்கில்லை. ஒரு பெரியவர் தன் மகனின் பள்ளிச் சான்றிதழை எடுத்துக் காட்டினார். தகப்பன் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர் இல்லை. பக்கத்து இந்திய கிராமத்துக்காரர் ஒருவரின் பெயர் இருந்தது. அப்படிக் கொடுத்தால்தான் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். பெண்கள் பிரசவத்துக்கு மருத்துவமனை போனால் கணவன் பெயரையே மாற்றிச் சொல்ல வேண்டும். அந்தச் சான்றிதழை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நான்காக மடித்து வைத்திருந்தார். இரு பக்கத் துண்டுகளையும் சேர்த்தால் இப்படி 50,000 பேருக்கு மேல். டெல்லியில் இந்தக் கோப்புக்கு அவசரம் என்று யாரும் எழுதியதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தாமதத்துக்குச் சட்டக் காரணம் உண்டு. பெருபாரி வழக்கில் 1960-இல் உச்ச நீதிமன்றம், இந்திய நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுப்பதானால் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டது. அப்படியானால் கச்சத்தீவுக்கு ஏன் திருத்தம் வரவில்லை? அது நம் நிலம் என்று முடிவாகாத, தகராறில் இருந்த தீவு; எல்லை வகுத்தோமே தவிர எதையும் கொடுக்கவில்லை என்பது டெல்லியின் வாதம். சட்டப்படி நிற்கக்கூடிய வாதம்தான். மீனவருக்கு அது எந்த ஆறுதலும் தரவில்லை.

1974 கச்சத்தீவு ஒப்பந்தத்தை விட எனக்கு உறுத்துவது, இலங்கையோடு நடந்த 1976 மார்ச் 23 தேதியிட்ட கடிதப் பரிமாற்றம். கச்சத்தீவு ஒப்பந்தம் இரு நாட்டுப் படகுகளின் பாரம்பரிய உரிமைகளைக் காப்பாற்றியது. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்றது அந்தக் கடிதம்தான். அப்போது நெருக்கடி நிலை. ஜனவரி 31-இல் தமிழக அரசு கலைக்கப்பட்டுவிட்டது. பாக் நீரிணையின் மீன்பிடிப்பு தீர்மானமான நாளில் சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே இல்லை. எழுந்து நின்று ஆட்சேபிக்க ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

இதைச் சொன்னால் நம் ஊர் அரங்குகளில் கைதட்டல் கிடைக்கும். அடுத்ததைச் சொன்னால் கிடைக்காது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கச்சத்தீவை இலங்கை நாளைக்கே திருப்பிக் கொடுத்தாலும் ராமேஸ்வரத்துப் பிரச்சினை தீராது. நம் விசைப்படகுகள் தேடிப் போகும் இறால் அந்தத் தீவையும் தாண்டி, யாழ்ப்பாணக் கரைப் பக்கம் இருக்கிறது. அங்கே இருப்பவர்களும் தமிழ் மீனவர்கள். போர்க்காலத்தில் கடலுக்கே போக முடியாமல் கிடந்தவர்கள். கொழும்பில் இருந்தபோது யாழ்ப்பாணத்து மீனவர் பகுதியான குருநகருக்குப் போய்ப் பேசியிருக்கிறேன். “உங்கட ரோலர் வாற நாளில நாங்கள் வலை போடுறதில்லை ஐயா. போட்டால் மிஞ்சாது” என்றார் ஒருவர். ரோலர் என்றால் நம் இழுவை விசைப்படகு. திங்கள், புதன், சனி நம் படகுகள் வரும். வாரத்தில் மூன்று நாள் அவர் தன் கடலிலேயே தொழில் செய்ய முடியவில்லை. இழுவைமடி கடலடியை வழித்துக்கொண்டு போகிறது. இலங்கை 2017-இல் அதைச் சட்டப்படி தடை செய்தது. அதே ஆண்டில் நாமும் 2,000 விசைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டத்தை அறிவித்தோம். மூன்றாண்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. கடலிலேயே நாள்கணக்கில் தங்கிச் சூரை பிடிப்பது வேறு தொழில். அதற்குப் பயிற்சி, கடன், துறைமுகம் எல்லாம் வேண்டும். படகுக்கு மானியம் மட்டும் கொடுத்தால் போதாது.

2014-இல் ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் இரு நாட்டு மீனவர்களே எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். நம்மவர்கள் அவகாசம் கேட்டார்கள், அவர்கள் உடனே நிறுத்தச் சொன்னார்கள். உடன்பாடு வரவில்லை. ஆனாலும் சரியான மேசை அதுதான். அதை விடாமல் நடத்தியிருக்க வேண்டும்.

கேட்டுச் செய்தால் நிற்கும் என்பதற்கு கங்கை ஒப்பந்தம் இருக்கிறது. 1996 டிசம்பர் 12-இல் தேவகவுடாவும் ஷேக் ஹசீனாவும் கையெழுத்திட்டார்கள். அதற்கு வழி போட்டவர் மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு. ஜனவரி முதல் மே முடிய, பத்து நாள் தவணையாக, மேற்கு வங்கத்தின் ஃபரக்கா தடுப்பணையில் எவ்வளவு தண்ணீர் யாருக்கு என்று கணக்கு. சண்டை இல்லாமல் இல்லை. ஆனால் டெல்லியிலும் டாக்காவிலும் எத்தனையோ ஆட்சிகள் மாறியும் அந்தக் கணக்கு நின்றது. இரு நாட்டுக்கும் பொதுவான தீஸ்தா நதிக்கு 2011-இல் அதேபோல எல்லாம் தயாராக இருந்தது. அப்போதைய மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி கடைசி நேரத்தில் விலகினார், ஒப்பந்தம் நின்றுபோனது. அவரைப் பிடிவாதக்காரர் என்று டெல்லியில் சொல்வார்கள். வடக்கு வங்கத்து உழவருக்கு வறண்ட மாதங்களில் என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு அவர் ஏற்கும் பதிலை யாரும் கொடுக்கவில்லை என்பது என் கருத்து. இன்று அதே தீஸ்தாவில் நதி மேலாண்மைத் திட்டத்துக்கு வங்கதேசம் சீனாவை அழைக்கிறது. சீனாவைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

கங்கை ஒப்பந்தத்தின் ஆயுள் 30 ஆண்டு. 2026 டிசம்பரோடு முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்துக்கான பேச்சில், மேற்கு வங்கப் பாசனத் துறையின் பொறியாளர் ஒருவரை முதல் கூட்டத்தில் இருந்தே உட்கார வையுங்கள் என்று, என்னோடு பேசும் இளைய அதிகாரிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.