பராமரிப்பிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள்: நில எழிலூட்டும் பாடத்துக்குத் தயாராகும் மாணவர்களுக்கு

தோட்டக்கலைப் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில், நில எழிலூட்டும் பாடத்தின் செய்முறைத் தேர்வுக்கு நான் வரைந்து கொடுத்த வீட்டுத் தோட்ட வரைபடம் பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. முப்பது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் கொண்ட மனை. ஒன்றுக்கு நூறு என்ற அளவுத்திட்டம், அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு மீட்டர். வண்ணப் பென்சிலால் தீட்டிய புல்வெளி. வாசலுக்கு வலப்புறம், சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, நிழலுக்காக ஒரு தூங்குமூஞ்சி மரம். மரத்தைக் குறிக்க இரண்டு சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு பச்சை வட்டம் போட்டிருந்தேன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் கவராயத்தை வாங்கி, பத்து சென்டிமீட்டருக்கு விரித்து, அந்தப் பச்சை வட்டத்தின் நடுவில் ஊன்றி, பென்சிலால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். அந்த வட்டத்துக்குள் வீட்டு முகப்பு, கார் நிறுத்தும் இடம், புல்வெளியில் பாதி, பக்கத்து மனையின் ஓரம் எல்லாம் அடங்கிவிட்டன. "தம்பி, இந்த மரம் பெரிசானதுக்கப்புறம் வீட்டுக்காரர் எங்கே போவார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த முறை அந்தத் தாளில் நான் தேறவில்லை.

மறுதேர்வுக்கு இடையில் இருந்த காலத்தில், கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதியின் தோட்டத்தில் உதவியாளனாக வேலை செய்தேன். அங்கே நான் எதையும் வடிவமைக்கவில்லை. களை எடுத்தேன், வேலிச் செடியைக் கத்தரித்தேன், குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சாய்ந்த கிளைகளை அறுத்தேன். மறுதேர்வில் எழுதிய விடைகளில் பெரும்பகுதி அந்த வேலையிலிருந்து வந்ததுதான். இப்போது பட்டய மாணவர்களுக்கு இதே பாடத்தைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். பாடத்திட்டம் வரலாறு, வடிவமைப்புக் கோட்பாடுகள், வரைபடம், நடவு என்று வந்து பராமரிப்பில் முடிகிறது. பருவத்தின் கடைசி இரண்டு வாரங்களில் அவசரமாக ஓட்டப்படும் அந்தக் கடைசிப் பகுதியை நான் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறேன். தனியாகப் படிப்பவர்களுக்கும் இந்தத் தலைகீழ் வரிசையையே பரிந்துரைக்கிறேன்.

முதல் வாரத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் புல்வெளியும், அதன் ஓரமாக மூன்று மீட்டர் வேலிச் செடியும் ஒதுக்கப்படும். பருவம் முடியும்வரை அந்த இடத்துக்கு அவரே பொறுப்பு. செய்த வேலை, ஆன நேரம், ஊற்றிய தண்ணீர், கண்ட மாற்றம் ஆகியவற்றைத் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். "சார், பாடத்தை விட்டுட்டுக் களை எடுக்கச் சொல்றீங்களே, இதுக்கு எத்தனை மார்க்கு?" என்று ஆண்டுதோறும் ஒருவராவது கேட்காமல் இருப்பதில்லை. கேள்வி நியாயமானதுதான். ஆனால் கோரையை மேலோடு பிடுங்கியவருக்கு அடுத்த வாரமே அதே இடத்தில் அது மீண்டும் தலை நீட்டும். கிழங்கோடு தோண்டி எடுத்தால்தான் அது அடங்கும் என்பதை அவருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. தேர்வில் புல்வெளிக் களைகளைப் பற்றிக் கேட்டால் அவர் எழுதும் விடையில் மனப்பாட வாடை அடிக்காது.

புல்வெளியைப் பொறுத்தவரை மூன்று செய்திகளைக் கையால் செய்து பார்த்துவிட்டே எழுதப் பழகுங்கள். ஒரு முறை வெட்டும்போது புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. இரண்டு வாரம் விட்டுவிட்டு ஒரேயடியாக ஒட்ட வெட்டினால் தண்டு மட்டும் மிஞ்சிப் புல்வெளி பழுப்பாகிவிடும். அருகம்புல் வெயில் விரும்பி, மரத்தடியில் அது மெல்ல மெல்லக் கலைந்துபோகும். கொரியன் புல் மெதுவாகப் பரவும், வெட்டாமல் விட்டால் மேடு மேடாகக் குவியும். தண்ணீர்க் கணக்கு மிக எளியது: ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் அது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். நூறு சதுர மீட்டர் புல்வெளிக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் என்றால் ஐந்நூறு லிட்டர். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இருக்கும் வீட்டுக்கு நூறு சதுர மீட்டர் புல்வெளி வரைவதற்கு முன் இந்தக் கணக்கு நினைவுக்கு வரவேண்டும். வடிவமைப்பை அதன் பிறகே தொடங்கவேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலிச் செடியைக் கத்தரிப்பதில் மாணவர்கள் எல்லோரும் செய்யும் ஒரே தவறு, மேற்பகுதியை அகலமாகவும் அடிப்பகுதியைக் குறுகலாகவும் விட்டுவிடுவது. மேலே தழை அடர்ந்தால் கீழே வெயில் படாது. சில மாதங்களில் அடியில் வெறும் குச்சிகள் தெரியும். அடி அகலமாகவும் முடி சற்றுக் குறுகலாகவும் இருக்கவேண்டும். இதை விளக்கும்போது பக்கவாட்டுத் தோற்றத்தைச் சிறிய படமாக வரைந்து காட்டுங்கள்.

இட்லிப்பூ வேலியில் இன்னொரு பாடம் காத்திருக்கும். புதிதாகப் பூசிய சுவரை ஒட்டி நட்ட செடிகளில் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்பதைக் காணலாம். உரம் போதவில்லை என்று யூரியாவைத் தூக்கும் கை அங்கே நிற்கவேண்டும். சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த காரத்தன்மை மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பை 0.5 சதவீதக் கரைசலாக இலைவழி தெளிப்பது உடனடி நிவாரணம். சுவரை விட்டுத் தள்ளி, தொழு உரம் கலந்து நடுவதே நிலையான தீர்வு. தேர்வில் அறிகுறியைக் கொடுத்துக் காரணத்தைக் கேட்கும் கேள்விகளில் இது அடிக்கடி வரும்.

கிளை அறுப்பதில் மூன்று வெட்டு முறையைக் கட்டாயம் பழகவேண்டும். கனமான கிளையை மேலிருந்து ஒரே மூச்சில் அறுத்தால் பாதி அறுபட்டதும் எடை தாங்காமல் முறிந்து, அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். முதலில் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி அடிப்புறத்தில் சிறிய வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாம் வெட்டு, பாரம் இறங்கியபின் கிளைக்கழுத்தை ஒட்டி, கழுத்தைக் காயப்படுத்தாமல் மூன்றாம் வெட்டு. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்திருக்கும் பகுதியே கிளைக்கழுத்து. அங்கிருந்துதான் காயம் மூடிக்கொண்டு வரும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ, மரம் தன் காயத்தைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே தடுப்பு எழுப்பிக்கொள்கிறது என்று விளக்கியபின், வெட்டுவாயில் சாயம் பூசும் வழக்கம் பல நாடுகளில் கைவிடப்பட்டது. நம் பாடக் குறிப்புகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையைத் தடவும்படி இன்றும் இருக்கிறது. தேர்வில் பசையை எழுதுங்கள். வாய்மொழித் தேர்வில் கேட்டால் கழுத்தைக் காப்பதே முதன்மையானது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பராமரிப்பில் கை பழகியவருக்கு நடவுப் பாடத்தில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை; ஏன் அப்படி நடவேண்டும் என்பது ஏற்கெனவே விளங்கியிருக்கும். குழியின் அளவை எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். பலரும் விட்டுவிடுவது பாலித்தீன் பையைக் கிழித்தபின் செய்யவேண்டிய வேலை. நீண்ட நாள் பையில் கிடந்த கன்றின் வேர்கள் பையின் ஓரத்தை முட்டி வட்டமாகச் சுற்றியிருக்கும். அவற்றைப் பிரித்துவிடாமல், அல்லது கத்தியால் கீறிவிடாமல் நட்டால், ஆண்டுகள் கழிந்தும் வேர் அந்த வட்டத்தை விட்டு வெளியே போகாமல், மரம் பிடிப்பில்லாமல் நிற்கும். தண்டும் வேரும் சேரும் இடம் மண்மட்டத்திலேயே இருக்கவேண்டும். ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும். மண்ணைச் சருகால் மூடும் மூடாக்குப் போடும்போதும் தண்டைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது குல்மோகர், பெருங்கொன்றை போன்ற சாலையோர மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. அவை சாய்ந்ததை இனத்தின் குறை என்று மட்டும் எழுதிவிடாமல், நடைபாதைக் கான்கிரீட்டுக்குள் நெருக்கப்பட்ட வேர்களையும் தவறாகக் கிளை நறுக்கிய கவாத்தையும் காரணங்களாகச் சேர்க்கும் விடைக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். கடலோரத்துக்கு மரம், வேலிச் செடி தேர்ந்தெடுக்கச் சொன்னால் பூவரசு, புங்கம், அரளி, சங்கங்குப்பி ஆகியவற்றைத் துணிந்து எழுதலாம். உப்புக்காற்றில் இவை நிற்பதை அந்த விடுதித் தோட்டத்தில் நானே பார்த்தேன்.

எண்ணிக்கைக் கணக்குகளில் மதிப்பெண் இழப்பது வருத்தத்துக்குரியது, ஏனெனில் அவை மிக எளியவை. முப்பது மீட்டர் நேர்வரிசையில் முப்பது சென்டிமீட்டர் இடைவெளிக்கு எத்தனை செடி என்றால் நூறு அல்ல, நூற்றொன்று. தொடக்கப் புள்ளியிலும் ஒரு செடி உண்டு. அதே முப்பது மீட்டர் ஒரு வட்டப் பாத்தியைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிந்தால் நூறு போதும். அருகம்புல் துண்டுகளைப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றினால் சதுர மீட்டருக்கு நூறு துண்டு. தரைமூடிச் செடிகளை இருபத்தைந்து சென்டிமீட்டரில் சதுர முறையில் நட்டால் பதினாறு. ஒரு வரிசைச் செடி அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேராக வரும் முக்கோண முறையில் ஏறத்தாழ பதினைந்து சதவீதம் கூடுதலாகத் தேவைப்படும்.

செடி அடையாளம் காணும் தேர்வைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கல்லூரித் தோட்டத்தில் எந்த மூலையில் எந்தச் செடி என்று மனப்பாடம் செய்துவிட்டு, தேர்வறையில் பூவில்லாத வெறும் கிளைகளைப் பாட்டில்களில் பார்த்துத் திகைத்து நின்றவர்களில் நானும் ஒருவன். இடத்தை மறந்துவிட்டு இலையைப் பிடியுங்கள். இலைகள் எதிரெதிரா, மாறி மாறியா? கிள்ளினால் பால் வருகிறதா? நந்தியாவட்டையில் வரும். கசக்கினால் மணம் உண்டா? வெண்பூப் பூக்கும் முர்ராயா வேலிச் செடியின் இலை, கறிவேப்பிலையின் உறவு என்பதால் எலுமிச்சை வாடையில் காட்டிக்கொடுத்துவிடும். காகிதப்பூவுக்கு முள் சாட்சி. எல்லாவற்றையும்விட அதிகம் பேர் சறுக்குவது நெட்டிலிங்கத்தில். வீட்டு மதிலோரம் கோபுரம்போல் நிற்கும் அதை அசோகமரம் என்றே ஊரெல்லாம் அழைப்பதால் 'சராகா அசோகா' என்று எழுதிவிடுகிறார்கள். ஓரம் அலையலையாக நெளிந்த தனி இலை என்றால் நெட்டிலிங்கம், அதாவது 'பாலியால்தியா லாங்கிஃபோலியா'; சிற்றிலைகள் இணையிணையாக அமைந்த கூட்டிலை என்றால் அசோகம். தாவரப் பெயரில் முதற்சொல் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கவேண்டும், கையால் எழுதும்போது இரண்டு சொற்களையும் தனித்தனியே அடிக்கோடிடவேண்டும். இதற்கும் மதிப்பெண் பிடிப்பவர்கள் உண்டு.

வரலாற்றுப் பகுதியைச் சுருக்கமாகப் படித்தால் போதும். முகலாயரின் நாற்பகுதித் தோட்டம், ஹைதர் அலி தொடங்கிய பெங்களூரு லால்பாக், 1848இல் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய உதகைத் தாவரவியல் பூங்கா, 2010இல் திறக்கப்பட்ட சென்னை செம்மொழிப் பூங்கா ஆகியவற்றில் ஒன்றையாவது நேரில் போய்ப் பாருங்கள். போகிறவர்கள் பூவை மட்டும் படம் எடுக்காமல், மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது, நடைபாதை எங்கே தேய்ந்து மக்கள் குறுக்குவழி போட்டிருக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள். சமநிலை, ஒருமைப்பாடு, தாளம், மையக்கவர்ச்சி என்ற வடிவமைப்புக் கோட்பாடுகளுக்கு எடுத்துக்காட்டு அங்கே கிடைக்கும்.

இவ்வளவுக்கும் பிறகே வரைபடத்தாளைத் தொடவேண்டும். தேர்வன்று தாள் கைக்கு வந்ததும் வடதிசை அம்புக்குறியையும் அளவுத்திட்டத்தையும் முதலில் போட்டுவிடுங்கள். கடைசிக்கு வைத்தவர்களில் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். முப்பது மீட்டர் மனையை ஒன்றுக்கு நூறில் வரைய ஏ4 தாள் நூலிழையில் போதாது, ஏ3 கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒன்றுக்கு இருநூறுக்கு மாறுங்கள். பிறகு இருக்கிற மரம், குடிநீர்க் குழாய், கழிவுநீர்த் தொட்டி, மேலே போகும் மின்கம்பி, மேற்கு வெயில், நீர் வடியும் சரிவு ஆகியவற்றைக் குறியுங்கள். மரங்களை நாற்றுப்பண்ணையில் பார்த்த அளவில் அல்ல, முழு வளர்ச்சியடைந்த விரிவில் வட்டமிடுங்கள். வட்டங்கள் போட்டபின் மீதியிருக்கும் இடத்தில்தான் புல்வெளி.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் விரும்பிக் கேட்கும் கேள்வி, நீங்கள் வரைந்த தோட்டத்தைப் பராமரிக்க எத்தனை ஆள் வேண்டும் என்பது. சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி தன் குறிப்பேட்டைப் புரட்டி, மூன்று மீட்டர் வேலியைக் கத்தரிக்கத் தனக்கு இருபது நிமிடம் ஆனது, வரைபடத்தில் அறுபது மீட்டர் வேலி இருக்கிறது, ஆகவே நானூறு நிமிடம், ஓர் ஆளுக்கு ஏறத்தாழ ஒரு நாள் வேலை என்று பதில் சொன்னாள். தேர்வாளர் தலையசைத்துவிட்டு, வெட்டிய தழையை யார் அள்ளுவது என்று கேட்டார். அதை அவள் குறித்து வைத்திருக்கவில்லை. இந்த ஆண்டு முதல் அந்த நேரத்துக்கும் குறிப்பேட்டில் ஒரு தனிப் பத்தி போட்டிருக்கிறோம்.