சத்து ஊசி

மதுரையில் ஒரு மருத்துவமனையின் கீமோ வார்டில் 11 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். காலையில் வந்து புற்றுநோய்க்கான மருந்தை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்புகிறவர்களுக்கான வார்டு. முதல் நாள் வருகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். கட்டைப் பையில் ஃபைல், ஃபிளாஸ்க், மாற்றுப் புடவை. பின்னாலேயே வரும் மகனோ கணவரோ என்னைத் தனியாகக் கூப்பிடுவார். "சிஸ்டர், அம்மாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. கட்டி கரையறதுக்குச் சத்து ஊசின்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கோம்."

ஆரம்பத்தில் நானும் சரி என்று தலையாட்டியிருக்கிறேன். பாசத்தில் கேட்கிறார்கள், எப்படி மறுப்பது? ஆனால் அப்படித் தலையாட்டிய ஒரு தடவையை என்னால் மறக்க முடியவில்லை. சத்து ஊசி என்றே நம்பிய ஒரு அம்மா, பத்தாம் நாள் காய்ச்சல் வந்ததும் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு மூன்று நாள் வீட்டிலேயே படுத்துவிட்டார். கொண்டுவந்தபோது நேராக ஐசியு. பிழைத்துவிட்டார். இருந்தாலும் அந்த மூன்று நாளில் எனக்கும் பங்கு உண்டு.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களையெல்லாம் தாக்கும். அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது. ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையும் அடி வாங்குவதால், மருந்து ஏறிய 7 முதல் 14 நாளுக்குள் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். சத்து ஊசி போட்டுக்கொண்டவர் எதற்காக நடு ராத்திரியில் ஓடி வருவார்?

போன வருடம் பூ கட்டி விற்கும் ஒரு அம்மா வந்தார். இடது மார்பில் கட்டி. அறுவை சிகிச்சைக்கு முன்பே கீமோ, 21 நாளுக்கு ஒருமுறை. மகன் வழக்கம்போல என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த முறை அவரை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துப் பேசினேன். "தம்பி, இன்னைக்கு ஒண்ணுக்கு சிவப்பாப் போகும். மருந்தோட நிறம்தான். சொல்லாம விட்டா ரத்தம்னு பயந்துடுவாங்க. ரெண்டு மூணு வாரத்துல முடி கொட்டும். அப்ப என்ன சொல்லுவீங்க?" அவர் அழுதுவிட்டார். அப்புறம் டாக்டரிடம் சொன்னேன்.

டாக்டர் அந்த அம்மாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்களுக்கு என்னன்னு நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினப்பவே தெரியும் டாக்டர். இவன் தாங்கமாட்டானேன்னுதான் நான் எதுவும் கேக்கல."

மகன் தலை நிமிரவே இல்லை. அம்மாதான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

வலது கையில் ஊசி குத்தினேன். சிவப்பு மருந்தை நாங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, சிரிஞ்சில் மெதுவாகத்தான் ஏற்றுவோம். நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும் என்பதால், எரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாய் புண்ணாகாமலிருக்கக் கொடுத்த ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு, அந்த அம்மா இந்த மருந்தை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டார். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கண்டுபிடித்தது என்றேன். "மண்ணுல இருந்தா?" என்று சிரிஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை அவருக்கு ஏதோ தைரியம் கொடுத்த மாதிரி இருந்தது.

உயிரைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "பூ கட்டலாமா சிஸ்டர்?" என்றுதான் கேட்டார். வெள்ளையணு குறைகிற நாட்களில் ஈரப் பூவும் மண்ணும் வேண்டாம், கிருமி தொற்றிவிடும், மற்ற நாட்களில் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கட்டலாம் என்றேன். அடுத்து வரப்போகும் வேறொரு மருந்தில் விரல் நுனி மரத்துப்போகலாம் என்பதையும் சொன்னேன். அவருக்கு விரல்தானே பிழைப்பு. விரல்களை ஒருமுறை விரித்து மடக்கினார். "சரி, அது வரும்போது பாத்துக்கலாம்" என்றார். போகும்போது தெர்மாமீட்டர் எங்கே கிடைக்கும் என்று மகன் விசாரித்தார்.

இருபத்தோராம் நாள் தலையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். பையிலிருந்து தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை எடுத்து, ரப்பர் பேண்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் காலை, மாலைக் காய்ச்சல் அளவு, கோணல்மாணலான கையெழுத்தில். 98.2, 98.6, 98.4. ஒன்பதாம் நாள் தாளில் மட்டும் 100.8. அதற்குக் கீழே மகனின் கையெழுத்து: 'ராத்திரி 1.20. ஆட்டோவில் கிளம்பிவிட்டோம்.'