முதலாளியின் சட்டைப்பை டைரி

கேரளத்துக் கஞ்சிக்கோட்டில், இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு சின்ன ஃபவுண்டரியில் 11 வருஷம் கணக்கு எழுதினேன். வாளையாரைத் தாண்டினால் தமிழ்நாடு. வார்த்த பாகங்களைக் கடைசல் வேலைக்குக் கோயம்புத்தூருக்குத்தான் அனுப்புவோம்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வாளையார் செக்போஸ்டில் லாரிகள் வரிசைகட்டி நிற்பது ஒழிந்தது. அடுத்த ஏப்ரலில் இ-வே பில், அதாவது சரக்கோடு போக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் அது வேண்டும். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது நம் பொருளை வெளியாளிடம் கொடுத்து வேலை செய்து வாங்க, எல்லை தாண்டினாலோ, மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டும். எங்கள் பிழைப்பே ஜாப் ஒர்க். சரி, இனி எல்லாம் கம்ப்யூட்டரில் என்று முதலாளி, ஸ்டாக், பில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கினார். மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பூஜை போட்டோம். பயிற்சி ஒரு சனிக்கிழமை மதியம். முதலாளி பத்து நிமிஷம் இருந்துவிட்டு, "நீங்க பாத்துக்குங்க" என்று எழுந்து போனார்.

மூன்று மாதத்தில் கம்ப்யூட்டர் காட்டும் ஸ்டாக்குக்கும் தரையில் கிடக்கும் ஸ்டாக்குக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. ஒரே பாகத்துக்கு மூன்று பெயர். அச்சு செய்யும் மோல்டிங் பிரிவில் 'தட்டு', ஆபீஸில் 'கவர்', வாடிக்கையாளர் ஆர்டரில் வெறும் டிராயிங் நம்பர். மூன்றையும் தனித்தனி ஐட்டமாக ஏற்றியிருந்தோம். எதை வைப்பது, எதை எடுப்பது என்று என் சம்பளத்தில் இருப்பவன் முடிவு செய்ய முடியுமா? முதலாளியைக் கேட்டால், "அப்புறம் பாக்கலாம்" என்பார்.

அதைவிடப் பெரிய தொல்லை அவர் சட்டைப்பை டைரி. ராத்திரி எட்டு மணிக்கு டிஸ்பாட்ச் பையனுக்குப் போன் வரும்: "நாற்பது பீஸ் ஏத்தி விடு, பில் நாளைக்கு." டைரியில் குறித்துக்கொள்வார். கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது? பழியெல்லாம் சாஃப்ட்வேர் மேல் விழுந்தது. வேறொன்று வாங்கலாம் என்று பேச்சுகூட எழுந்தது.

அப்படி ஏற்றிய ஒரு வண்டியை எல்லைக்கு முன்பே வரித்துறைப் பறக்கும் படை மடக்கியது. அப்போதைய விதிப்படி வரியும் அதே அளவு அபராதமும் கட்டித்தான் மீட்டோம். செக்போஸ்ட் போனதும் கேட்க ஆளில்லை என்று நினைத்திருந்தோம்.

மறுநாள் ஒன்பதரைக்கு முதலாளி என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று முதல் தினமும் வந்தார். இரண்டே இரண்டு திரைகளைத்தான் கற்றுக்கொண்டார், ஸ்டாக்கும், வெளியே போன சரக்குக்கான சலானும். யாராவது காகிதத்தை நீட்டினால், "இதில் காட்டு" என்பார். ஐட்டம் பெயர்களையும் ஒரே வாரத்தில் அவரே முடித்தார்: மோல்டிங்கில் சொல்லும் பெயரே எங்கும். 'தட்டு' ஜெயித்ததில் மோல்டர்களுக்குப் பரம சந்தோஷம்.

ஸ்டோர்ஸ் அண்ணன்தான் இழுத்தடித்தார். ஐம்பத்து நான்கு வயது, எல்லாக் கணக்கும் மனப்பாடம். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். ஒருநாள் டீ குடிக்கையில், "தம்பி, எல்லாத்தையும் அதுல ஏத்திட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்றார். முதலாளியிடம் சொன்னேன். அவர் ஸ்டோர்ஸுக்கே நடந்து போய், மாதம் ஒருமுறை தரையில் எண்ணிச் சரிபார்ப்பது இனி அண்ணன் பொறுப்பு, அவர் கையெழுத்து இல்லாமல் கணக்கை மூடக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

முதல் எண்ணிக்கையில் பன்னிரண்டு தட்டு குறைந்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "முதலாளி, உங்க டைரியை ஒருக்கா எடுங்க" என்றார்.