செல் இல்லாத துண்டையும் சேர்த்துக் கரையுங்கள்

பிளாஸ்டிக் தட்டில் வளரும் செல்களிலிருந்து புரதம் எடுப்பது எனக்குக் கைவந்த வேலை. செல்லை உடைத்துப் புரதத்தை வெளியே கொண்டுவரும் ரிப்பா கரைசலை ஊற்றி, சுரண்டி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் முடிந்தது. ஆய்வுப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் எம்ஜி-63 எலும்புப் புற்றுச் செல்களை ஜெலட்டின் பஞ்சுத் துண்டுகளில் வளர்த்தேன். அந்தக் கைப்பழக்கம் அங்கே செல்லுபடியாகவில்லை.

முதல் சிக்கல் பஞ்சுதான். 100 மைக்ரோலிட்டர் கரைசல் விட்டால் அத்தனையையும் குடித்துவிடும். பிப்பெட்டில் நுரைதான் ஏறும். கூடுதலாக ஊற்றினால் புரதம் நீர்த்துப்போகும். ஆய்வகத்து அக்கா ஒருவர் வழி காட்டினார். 0.5 மில்லிலிட்டர் குழாயின் அடியில் சூடான ஊசியால் துளையிட்டு, துண்டை அதில் போட்டு, 1.5 மில்லிலிட்டர் குழாய்க்குள் செருகி, 4 டிகிரி குளிரில் சுற்ற வேண்டும். துண்டு மேலேயே தங்கிவிடும். கீழ்க்குழாயில் கரைசல் இறங்கியிருக்கும். அந்தச் சில துளிகளைப் பார்த்தபோது வந்த நிம்மதி இன்றும் நினைவிருக்கிறது.

இரண்டாவது சிக்கல் என்னை மூன்று வாரம் அலைக்கழித்தது. புரத அளவை நிறத்தால் காட்டும் பிசிஏ சோதனையில் அடர்ந்த ஊதா நிறம் வந்தது. புரதம் தாராளமாக இருக்கிறது என்று நம்பி, வெஸ்டர்ன் பிளாட்டுக்காக (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, எதிர்ப்புரதத்தால் அடையாளம் காணும் முறை) ஜெல்லின் ஒவ்வொரு குழியிலும் 20 மைக்ரோகிராம் ஏற்றினேன். தட்டுச் செல்களின் பாதையில், செல்களில் பொதுவாக இருக்கும் ஆக்டின் புரதம் பளிச்சென்று தெரிந்தது. பஞ்சுச் செல்களின் பாதையில் ஒன்றுமில்லை. எதிர்ப்புரதத்தைச் சந்தேகித்தேன், சவ்வைச் சந்தேகித்தேன். கடைசியில்தான் செல்லே இல்லாத ஒரு துண்டை அதே முறையில் கரைத்துப் பார்த்தேன். அதிலும் ஏறக்குறைய அதே ஊதா!

பிசிஏ பெப்டைடு பிணைப்பைத்தான் பார்க்கிறது. ஜெலட்டினும் புரதம்தான்; அந்தப் பிணைப்பு செல்லின் புரதத்துடையதா, பஞ்சின் ஜெலட்டினுடையதா என்று சோதனைக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்த 10 சதவீதக் கன்றுச் சீரத்தின் அல்புமின் பஞ்சின் துளைகளில் தங்கியிருந்தது. ஜெல்லுக்குச் சாயமேற்றியதும் 66 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே தடித்த பட்டையாக அது தெரிந்தது.

அதன்பின் முறையை மாற்றினேன். அறுவடைக்கு முன் துண்டுகளை வளர்ப்புத் தட்டின் புதிய குழிக்கு மாற்றிவிடுவேன். பழைய குழியின் அடியில் ஒட்டி வளர்ந்த செல்கள் கணக்கில் வரக்கூடாது. பனிக்குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் ஐந்தைந்து நிமிடம் மூன்று முறை அலசுவேன். நான்கு துண்டுகளைச் சேர்த்துப் பொடியாக நறுக்கி, புரதச்சிதைவுத் தடுப்பான் கலந்த ரிப்பாவில் அரை மணி நேரம் பனிக்கட்டியில் வைப்பேன். செல் இல்லாத துண்டும் அதே ஊடகத்தில் அத்தனை நாளும் ஊறி, எல்லாப் படிகளிலும் கூடவே வரும்.

வெற்றுத் துண்டின் அளவைக் கழித்தால் போதாதா என்று கேட்பார்கள். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்து மிஞ்சும் சிறு எண்ணை நான் நம்புவதில்லை. அதே தொகுதித் துண்டு ஒன்றில் டிஎன்ஏவை அளந்து, அதிலிருந்து கிடைக்கும் செல் எண்ணிக்கைக்கு ஏற்ப ஏற்றுகிறேன்.

அப்படி ஏற்றிய முதல் பிளாட்டில், பஞ்சுச் செல்களின் பாதையில் 42 கிலோடால்டனில் ஆக்டின் மெல்லிய கோடாகத் தெரிந்தது. வெற்றுத் துண்டின் பாதையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.