வயிற்றுக் கொழுப்பைக் குறைத்த அனுபவம்

மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கை கால்கள் ஒல்லியாகவே இருப்பதால் என்னைப் பருமன் என்று எவரும் சொன்னதில்லை. உயரம் 168 செ.மீ., எடை 68 கிலோ. நாற்பது வயதைக் கடந்ததால் எடுத்துக்கொண்ட பரிசோதனையில், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.2 சதவீதம், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்றும் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றும் வந்தது. ராமநாதபுரத்தில் நான் பார்த்த மருத்துவர் எடையைப் பற்றி அதிகம் பேசவில்லை. மூச்சை வெளியே விடச் சொல்லி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே இஞ்ச் டேப்பைச் சுற்றி அளந்தார். 96 செ.மீ. இருந்தது, நம் நாட்டு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதே வரம்பு.

கொழுப்புத் திசுவும் ஹார்மோன் சுரக்கும் உறுப்புதான் என்று அவர் விளக்கியது என் கவனத்தை முழுவதும் ஈர்த்தது. இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும் அடிப்போநெக்டின் என்ற ஹார்மோன் கொழுப்புச் செல்களிலேயே உருவாகிறது; ஆனால் வயிற்றுக்குள் கொழுப்பு கூடக்கூட அதன் அளவு குறைந்துவிடுகிறது. குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பிலிருந்து வெளியேறும் கொழுப்பமிலங்களும் அழற்சியைத் தூண்டும் பொருள்களும் நேராகக் கல்லீரலுக்குச் செல்கின்றன. 2004-இல் புணே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் படங்களையே லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்: இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் அளவு) 22.3 தான், ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். அதைப் படித்தபின் என் உடம்பு எனக்குப் புரிந்தது.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கம்பெனியிலும் வேலை குறையும். அப்போது தொடங்கினேன். வடகடல் கரையோரமாகக் காலையில் வேக நடை, மதியம் பாதியளவு சோறு, நாட்டுப்படகில் வரும் சூடையையும் நெத்திலியையும் பொரிக்காமல் குழம்பாக வைத்துச் சாப்பிடுவது, இரவுப் பரோட்டாவை நிறுத்துவது ஆகியவையே மாற்றங்கள். இவை எவையும் கடினமாக இல்லை. கடினமாக இருந்தது பசி.

முதல் சில வாரங்கள் கடந்ததும், இரவில் படுத்தபின் வயிறு பிசைவதுபோல் பசித்தது. பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கும் வாசனை வந்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அம்மாவோ, "ஏம்ப்பா, மொகமெல்லாம் வாடிப்போச்சே, வயித்துக்குச் சாப்பிடுப்பா" என்று தினமும் வருந்தினார். மருத்துவரிடம் கேட்டபோது, 1994-இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டறிந்த லெப்டின் என்ற ஹார்மோனைப் பற்றிச் சொன்னார். கொழுப்புச் செல்கள் சுரக்கும் அது, உடம்பில் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்பதை மூளைக்குத் தெரிவிக்கிறது. உணவைக் குறைத்தால், கொழுப்பு கரையும் வேகத்தைவிட லெப்டின் வேகமாக இறங்குகிறது. பஞ்சம் வந்துவிட்டது என்று எண்ணி மூளை பசியைக் கிளப்புகிறது. பருமன் உள்ளவர்களுக்கு லெப்டின் ஏராளமாகவே இருக்கும். மூளைதான் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை, எனவே லெப்டின் ஊசி அவர்களுக்குப் பெரும்பாலும் பயன் தருவதில்லை என்றும் சொன்னார். பசிப்பவரை மனவுறுதி இல்லாதவர் என்று பழிப்பது எவ்வளவு தவறு என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது. பட்டினி கிடக்காமல் மெதுவாகக் குறைக்கும்படியும், பயறும் மீனும் கூட்டிக்கொள்ளும்படியும், இரவில் நன்றாகத் தூங்கும்படியும் சொன்னார். தூக்கம் சரியானபின் இரவுப் பசி பெரிதும் தணிந்தது.

ஆறேழு மாதங்களில் எடை நான்கு கிலோதான் குறைந்தது. இடுப்புச் சுற்றளவோ 89 ஆனது. சர்க்கரைச் சராசரி 5.7-க்கு வந்தது, கல்லீரல் ஸ்கேனிலும் முன்னேற்றம் தெரிந்தது. லெப்டினையோ அடிப்போநெக்டினையோ அளக்க ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேட்டேன். என் சிகிச்சைக்கு அது தேவையில்லை, டேப் போதும் என்றார். அதே டேப்பால் என் தங்கைக்கும் அளந்து பார்த்தோம். பார்வைக்கு மெலிந்தவளான அவளுக்கு 84 வந்ததால், அடுத்த வாரம் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க அவளை ராமநாதபுரத்துக்கு அழைத்துச் செல்கிறேன்.