சாய்ந்த முத்திரை

ஜப்பானில் அலுவலக மென்பொருள் எழுதிய யாரிடம் கேட்டாலும் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் பெயர் முத்திரையான ஹாங்கோவைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார். வீட்டிலிருந்தே வேலை என்று அறிவித்துவிட்டு, காகிதத்தில் முத்திரை குத்துவதற்காக மட்டும் ஆட்கள் ரயிலேறி டோக்கியோவுக்குள் வந்துகொண்டிருந்த 2020 அது. ரிங்கிஷோவைக் கணினிக்குள் கொண்டுவரும் வேலை எனக்கு. ஒப்புதல் கேட்டுக் கீழிருந்து மேலே நகரும் அதே காகிதம்தான்: வரிசையாகச் சின்னக் கட்டங்கள், வலது ஓரத்தில் எழுதியவர், இடப்பக்கம் போகப்போகப் பெரிய பதவி, ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு மையில் ஒரு குடும்பப் பெயர்.

வங்கிகள், நிதி நிறுவனங்கள் பக்கம் இந்தக் கட்டத்துக்குள்ளும் ஒரு மரியாதை உண்டு. கீழே இருப்பவர் தன் முத்திரையை இடப்பக்கம் சாய்த்துக் குத்துவார், மேலதிகாரிக்குத் தலை வணங்குகிற மாதிரி. மனமில்லாமல் ஒப்புக்கொள்கிறவர் தலைகீழாகக் குத்துவதும் உண்டாம், நான் பார்த்ததில்லை. ஜப்பானியர்களே இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் கூட்டத்தில் அந்தப் பிரிவின் தலைவரான காச்சோ, பதவியைப் பார்த்து முத்திரை தானாகச் சாய வழி உண்டா என்று கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. பதவி விவரம் தரவுத்தளத்தில் இருக்கிறது. எந்தப் பதவிக்கு எத்தனை டிகிரி என்று எழுதிவிட்டால் முடிந்தது. செய்யலாம் என்றேன்.

கூட்டம் கலைந்ததும் காபி இயந்திரத்தருகே ஒரு பெரியவர் வந்தார். அங்கே புச்சோவாக இருந்தவர், காச்சோவுக்கு ஒரு படி மேல். 60 வயதில் ஓய்வு. 65 வரை வேலை தந்தாக வேண்டும் என்று சட்டம். எனவே சம்பளம் குறைந்து, பதவி போய், அதே மாடியில் வேறு மேசை. அவர் வேலை கற்றுக்கொடுத்த பையன்தான் இப்போதைய காச்சோ. புச்சோ என்று கூப்பிட்டவர்கள் எல்லோரும் இப்போது பெயரோடு, எல்லோருக்கும் போடுகிற 'சான்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள்.

"தானாகவே சாய்ந்துவிடுமா?" என்று கேட்டார்.

"ஆமாம், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை."

"கையால் சாய்க்கிற மாதிரி வைப்பது சிரமமோ?"

"சிரமமில்லை."

"சிரமமில்லை என்றால் சரி" என்று கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பேச்சு அவ்வளவுதான். எதற்காக என்று நான் கேட்கவில்லை. அங்கே அப்படிக் கேட்கக் கூடாது என்று பழகியிருந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்ற பயமும் இருந்திருக்கலாம்.

தானாகச் சாய்வதை எடுத்துவிட்டேன். பதவி மாறும்போதெல்லாம் பழைய ஆவணங்களில் கோணம் குழம்பும் என்று குழுவிடம் காரணம் சொன்னேன். பொய்யில்லை, நல்ல காரணம்தான். இனி அவரவரே மவுஸால் திருப்பிக்கொள்ள வேண்டியது.

அப்புறம்தான் உறைத்தது. இயந்திரம் சாய்த்திருந்தால் எல்லோரும் சாய்ந்திருப்பார்கள், யாரும் கவனிக்கப்போவதில்லை. இப்போது சாய்ப்பதும் சாய்க்காததும் ஆளின் பேரில் எழுதப்படுகிறது. இளைஞர்கள் நேராகவே குத்தினார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நேராகக் குத்தினால் அதற்கு அர்த்தம் வேறு. அவர் எழுதிய முதல் ரிங்கிஷோவைத் திறந்து பார்த்தேன். வலது ஓரக் கட்டத்தில் அவர் பெயர் கிட்டத்தட்டப் படுத்தே கிடந்தது. பணிவா, குத்தலா, மவுஸ் பழகாத கையா? அடுத்தடுத்த ஆவணங்களிலும் அதே கோணம். கை நடுங்கியிருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விழாது.

அந்தச் சமயம் முத்திரைக்கே நேரம் சரியில்லை. சீர்திருத்த அமைச்சர் கோனோ தாரோ, ஏறக்குறைய 15,000 அரசு நடைமுறைகளில் 83-இல் மட்டும் முத்திரை இருந்தால் போதும் என்று அறிவித்தார். சாய்க்கும் வசதியே வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம், அந்தப் பெரியவருக்கும் தொல்லை விட்டிருக்கும். வெளிநாட்டுக்காரன், ஒப்பந்த வேலை, எனக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். அதோடு, முத்திரை எப்போதுமே யாருக்குக் கீழே யார் என்பதைச் சொல்லத்தானே இருந்திருக்கிறது? 1784-இல் ஷிகானோஷிமா தீவில் வயலிலிருந்து எடுத்த தங்க முத்திரை ஃபுகுவோகா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.பி. 57-இல் சீனப் பேரரசர் அங்கிருந்த சிற்றரசனுக்குத் தந்தது என்கிறார்கள். அதிலும் முதல் எழுத்து ஹான் பேரரசுக்கு, அப்புறம்தான் அந்த அரசனின் நாடு. இப்படி ஈராயிரம் வருஷத்தைத் துணைக்கு அழைத்தால் என் பங்கு சின்னதாகத் தெரிகிறது. அதற்காகவே அழைக்கிறேனோ என்றும் தோன்றுகிறது.

பிறகு ஒரு யோசனை எழுதிக் கொடுத்தேன்: முத்திரைப் படமே வேண்டாம், பெயரும் நேரமும் போதும். காச்சோ பொறுமையாகப் படித்துவிட்டு மறுத்தார். சாய்க்கும் வசதியை மூத்தவர்கள் ஆசையாகப் பயன்படுத்துகிறார்களே என்றார். அதற்கு ஆதாரமாக என் முன்னால் திறந்து காட்டியது அந்தப் பெரியவருடைய ஆவணங்களைத்தான்.