கையை அடியில் வை, தம்பி

கார் ஓட்டிப் பழகிய கைக்கு ட்ரெய்லரைப் பின்னால் எடுப்பது சுலபத்தில் பிடிபடாது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் ட்ரெய்லரின் வால் இடப்பக்கம் போகும். இழுவை வண்டியும் ட்ரெய்லரும் கிங்பின் என்ற ஒரே இடத்தில் கோத்திருப்பதால் அப்படி. எனக்கு இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைத்தவர் ஒரு மூத்த டிரைவர். "கையை ஸ்டியரிங்குக்கு அடியில் வை, தம்பி. வால் எந்தப் பக்கம் போகணுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்து" என்றார். அன்றைக்கே திசை பிடிபட்டுவிட்டது.

காத்திருக்கப் பழகத்தான் மாதக்கணக்கில் ஆனது. 40 அடி ட்ரெய்லர் உடனே சொல் கேட்காது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்ததும் பின்சக்கரங்கள் சும்மா இருப்பதுபோலத் தோன்றும். பொறுக்காமல் இன்னும் ஒடிப்போம். அதற்குள் முதலில் ஒடித்தது வேலை செய்யத் தொடங்கியிருக்கும். வால் திரும்ப ஆரம்பித்ததுமே ஸ்டியரிங்கை மறுபக்கம் வாங்கி, இழுவை வண்டியை அதன் பின்னாலேயே கொண்டுபோக வேண்டும். தவறவிட்டால் வண்டி மடங்கிக்கொள்ளும். கேபினின் பின்மூலை ட்ரெய்லரின் முகத்தை நெருங்கிவிடும். அந்த நிலையில் எப்படி ஒடித்தாலும் பயனில்லை. முன்னால் எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி வர வேண்டியதுதான். நாலு பேர் பார்க்கிறார்களே என்று ஆரம்பத்தில் கூச்சப்பட்டிருக்கிறேன். இப்போது மூன்று முறை முன்னால் எடுக்க வேண்டியிருந்தாலும் எடுப்பேன்.

முடிந்தவரை என் ஜன்னல் பக்கமாகவே வளைந்து போவேன். தலையை நீட்டினால் வால் தெரியும். மறுபக்கம் வளைந்தால் அந்தப் பக்கக் கண்ணாடியில் ட்ரெய்லரின் பக்கச்சுவர் மட்டும்தான் தெரியும். அதற்குப் பின்னால் தூண் இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா என்று தெரியாது. அதனால் இறங்கிப் பார்க்கிறேன். கீழே மட்டுமல்ல, மேலேயும். கூரை விளிம்பு தாழ்வாக இருக்கலாம்.

ஒரு மாலை. சரக்கு ஏற்றி இறக்கும் மேடையான டாக்கைத் தொட இன்னும் மூன்றடிதான். வழி காட்டிய பையன் "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தான். குரல் கேட்டது, கண்ணாடியில் ஆளைக் காணோம். பிரேக்கை மிதித்து, பார்க்கிங் பிரேக்கையும் போட்டுவிட்டு இறங்கினேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் போனேன்.

அவன் டாக்கின் ரப்பர் பம்பருக்கும் என் ட்ரெய்லருக்கும் நடுவில் குனிந்து நின்றான். விழுந்து கிடந்த மரப்பலகையை இழுத்துக்கொண்டிருந்தான். ட்ரெய்லரின் விளிம்பு சரியாக அவன் தலை உயரத்தில் இருந்தது. "இதோ எடுத்துட்டேன், அண்ணே. நீங்க வாங்க" என்றான், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

என்னால் திட்ட முடியவில்லை. பலகையின் இன்னொரு முனையைப் பிடித்தேன். இரண்டு பேருமாக அதை ஓரத்துக்குக் கொண்டுபோனோம். அப்புறம் அவனை என் ஜன்னலிலிருந்து தெரிகிற இடத்துக்கு அழைத்துப்போய் நிறுத்தி, "இங்கேயே நில்லு. உன்னைக் காணோம்னா வண்டி நகராது" என்றேன்.